மூன்றாவது மிதி பாக்கி

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இருபத்து நான்கு வயது வரைக்கும் எனக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. சாரம் நழுவாமல் நிற்க ஓர் இடம், முதல் சம்பளத்தில் வாங்கிய பெல்ட்டை மாட்ட ஓர் இடம், அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான்தான் ஒரு நாள் நாற்பது பெண்களை வரிசையாக நிற்க வைத்து, இடுப்பைப் பாதுகாப்பது எப்படி என்று பாடம் நடத்தினேன். பாடம் முடிந்தபோது நான் தேயிலைச் செடியோரம் குப்புறக் கிடந்தேன். என் முதுகின்மேல் தோட்ட மேலாளரான துரையின் கால் இருந்தது. (அவசரப்பட்டு அவரைத் திட்டாதீர்கள். மிதிக்கச் சொன்னது நாங்கள்தான்.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. இலங்கை மலைநாட்டில், கொஸ்லந்தையிலிருந்து மேலே ஏறும் ரோட்டில் எங்கள் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, உயர்தரம் வரை படித்து, அதே தோட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தராக வேலை கிடைத்த முதல் ஆள் நான். உத்தியோகத்தர் என்றால் ஐயா என்று கூப்பிட வேண்டும். கிளாக்கர் ஐயா, டொக்டர் ஐயா மாதிரி. ஆனால் மூக்கில் சளி ஒழுக லயத்து வாசலில் ஓடித் திரிந்தவனை ஐயா என்று கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. அதனால் 'வெல்பெயார் தம்பி' ஆனேன்.

வேலைக்குச் சேர்ந்ததும் பண்டாரவளையில் ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நான்காம் நாள் மத்தியானம் 'சுமை தூக்கும் சரியான முறை'. முழங்காலை மடக்கு, முதுகை நேராக வை, சுமையை நெஞ்சோடு அணை, இடுப்பைத் திருகாதே. இந்த நான்கையும் ஒரு காலி அட்டைப்பெட்டியை வைத்துச் செய்து காட்டச் சொன்னார்கள். நான் அந்தப் பெட்டியைத் தூக்கிய அழகைப் பார்த்து மற்றவர்கள் கைதட்டினார்கள். முடிவில் ஒரு சான்றிதழும், முதுகெலும்பைப் பெரிதாக வரைந்த சுருட்டிய படம் ஒன்றும் தந்தார்கள். பஸ்ஸில் அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது, தோட்டத்தின் இடுப்பு வலி முழுவதையும் நானே தீர்த்துவிடப் போவதாக ஒரு நினைப்பு.

தீர்க்க வேண்டிய வலி நிறையவே இருந்தது. ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் எடுத்ததை நிறுக்க மேலே இருக்கும் மடுவத்துக்குத்தான் போக வேண்டும். அங்கேதான் தராசு. கீழ்க்கோடியிலிருந்து மடுவத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு படி. நான் எண்ணியிருக்கிறேன். (வெறுங்கையோடு.) அவர்கள் தலையில் கயிற்றைப் போட்டு, முதுகில் நிறைந்த கூடையோடு, ஒரு நாளைக்கு மூன்று தடவை ஏறினார்கள். கீழ் ரோட்டோரம் ஒரு சின்ன மடுவம் கட்டித் தாருங்கள், லொறிதான் அந்த வழியாகப் போகிறதே என்று எத்தனையோ தடவை கேட்டாயிற்று. "நாப்பது வருஷமா அங்கதானே இருக்கு?" என்பது துரையின் பதில்.

என் அம்மாவும் அந்த மலைக்காரிதான். காலையில் எழும்பும்போது அம்மா முதலில் சுவரைப் பிடிப்பாள். பிறகு கதவு நிலையைப் பிடிப்பாள். மூன்றாவதாகத்தான் நிமிர்வாள். சின்ன வயதிலிருந்தே நான் இதைப் பார்த்திருக்கிறேன். எல்லா அம்மாக்களும் இப்படித்தான் எழும்புவார்கள் என்று நினைத்திருந்தேன். அந்தப் படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்த பிறகுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

ஆகவே திட்டம் போட்டேன். ஏழாம் நம்பர் மலையிலேயே வகுப்பு வைப்பது. துரையையும் அழைப்பது. சுமை எப்படி இடுப்பைக் கெடுக்கிறது என்று படத்தைக் காட்டி விளக்குவது. துரை மனமிளகி மடுவம் தருவது. எல்லாம் சரியாகத்தான் யோசித்தேன். என் இடுப்பை மட்டும் கேட்கவில்லை.

அது மூன்று கிழமையாக ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தது. காலையில் சப்பாத்து மாட்டக் குனிந்தால் சுருக்கென்றது. அலுவலக ஸ்டோரில் எனக்குத் தனி மேசை இல்லாததால் உர மூட்டையின்மேல் கூனி உட்கார்ந்து பதிவு எழுதுவேன். எழும்பும்போது ஒரு பக்கம் இழுத்தது. தும்மினால் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பெல்ட்டை இன்னொரு துளை இறுக்கினேன். இடுப்பு வலி என்பது கூடை சுமப்பவர்களுக்கு வருவது, சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு வராது என்று நம்பினேன்.

அந்த நாளும் வந்தது. விடியற்காலை பெய்த மழையில் கொழுந்தெல்லாம் நனைந்து கிடந்தது. பத்து மணித் தேத்தண்ணி நேரம். கீழ் ரோட்டோரச் சவுக்கு மரத்தில் படத்தை ஆணியடித்து மாட்டினேன். இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிய நாற்பது பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். துரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கண்டிப் பக்கத்து ஆள், சிங்களவர், முப்பத்தைந்து வயதிருக்கும். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் ஏசுவதற்கு மட்டும்தான் என்று ஊரில் பேச்சு. கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பத்து நிமிஷம்" என்றார்.

நான் ஆரம்பித்தேன். முள்ளந்தண்டு, தசைநார் என்றெல்லாம் அடித்து விட்டேன். அம்மா பின்வரிசையில் நின்று பக்கத்தில் இருந்தவளிடம் 'என் மகன்' என்று கண்ணால் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"முதல்ல முழங்கால மடக்கணும்," என்றேன்.

முன்வரிசையில் செல்லாயி அக்கா கையைத் தூக்கினாள். அந்த மலையிலேயே அதிகம் கொழுந்து எடுப்பவள் அவள். அதைவிட அதிகம் பேசுபவளும் அவள்தான். "ஏன் தம்பி, இந்தச் சரிவுல முட்டிய மடக்குனா நேரா கீழ ஆத்துக்கில்ல போயிருவோம்?"

சிரிப்பு. பயிற்சி நடந்த மண்டபத்தில் தரை சமமாக இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

சமாளிக்க, ஒரு காலிக் கூடையை எடுத்துச் செய்து காட்டினேன். செல்லாயி அக்கா விடுவதாக இல்லை. "வெறுங்கூடைய நாய்க்குட்டி கூட இழுத்துட்டுப் போவுமே தம்பி. நெறைஞ்சத தூக்கிக் காட்டுங்க, பாப்போம்."

மறுபடி சிரிப்பு. துரையும் மீசைக்குள் சிரித்ததாகப் பட்டது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவளுடைய கூடையையே இழுத்தேன். மழைநீர் சொட்டும் பதினெட்டுக் கிலோ.

"கயித்த நெத்தியில போடாதடா, உச்சிக்குத் தள்ளு," என்று அம்மா பின்னாலிருந்து கத்தினாள்.

தள்ளவில்லை. அம்மாவிடம் பாடம் கேட்டால் வகுப்பின் மரியாதை என்னாவது? கயிற்றை நெற்றியில் போட்டு, முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, எழும்பினேன். எழும்பிவிட்டேன்! அந்தப் பெருமையில், துரை பார்க்கிறாரா என்று தெரிந்துகொள்ள, சுமையோடு அப்படியே இடுப்பைத் திருகி இடப்பக்கம் திரும்பினேன்.

படத்தில் அந்த நிலைக்குச் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தார்கள்.

வலி என்று சொன்னால் போதாது. யாரோ உள்ளுக்குள் கதவைச் சாத்திப் பூட்டுப் போட்ட மாதிரி இருந்தது. கூடை உருண்டது. நான் முன்பக்கமாகச் சரிபாதி மடிந்து, இரண்டு கையும் தொங்க, மண்ணைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். மேலும் போக முடியவில்லை, கீழும் போக முடியவில்லை. மூச்சைக் கூட சில்லறையாகத்தான் விட முடிந்தது.

அந்த நேரத்திலும் என் புத்தி எப்படி வேலை செய்தது பாருங்கள். மண்ணைப் பார்த்தபடியே, "இது... பிழையான முறை," என்றேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். துரை, "நல்லா காட்டினான்," என்றார். அந்தத் தோட்டத்தில் அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. செல்லாயி அக்கா கூட, "வெளங்கிருச்சு தம்பி. போதும், நிமிருங்க," என்றாள்.

நான் நிமிரவில்லை.

"நிமிருங்க தம்பி."

"முடியல அக்கா."

கைதட்டல் அப்படியே நின்றது. அம்மா கூடைகளைத் தாண்டி ஓடி வந்த வேகத்தில் இரண்டு பேர் விழுந்தார்கள். படங்குகளை அவிழ்த்து விரித்து, ஒரு மேசையைச் சாய்ப்பது போல என்னைச் சாய்த்து, குப்புறப் படுக்க வைத்தார்கள். அம்மா என் இடுப்பில் இரண்டு விரலை வைத்து அழுத்தினாள். நான் போட்ட சத்தத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"புடிப்பு," என்றாள். "காலு மொதல்ல பொறந்தவங்க மூணு மிதி மிதிச்சா போயிரும்."

இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வெளியே வந்து பிறந்தவர்கள் இடது காலால் மூன்று தடவை மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பார்கள். நான் பயிற்சியில் கற்றுக்கொண்ட அத்தனைக்கும் நேர் விரோதமானது. 'வேண்டாம்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாயில் கொழுந்து இருந்தது.

ஆனால் கால் முதலில் பிறந்தவருக்கு எங்கே போவது? தோட்டத்தில் இருந்த ஒரே ஆளும் மகளோடு கொழும்புக்குப் போய்விட்டார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "நீ எப்பிடிடி பொறந்த?" "நான் தலைதான்." "ஒங்க மாமியா?" "அதுவும் தலைதான், அதான் இந்தத் திமிரு." இப்படி விசாரணை போய்க்கொண்டிருந்தபோது யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

துரை.

"நான் காலு முதல்ல வந்த ஆள்," என்றார் மெதுவாக. "என் அம்மா சொல்றது. எங்க ஊர்லயும் இந்த வைத்தியம் இருக்கு."

நாற்பது பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குக் குப்புறக் கிடந்தபடியே குளிர்ந்து போயிற்று. துரை நடந்து வந்தால் பாதையை விட்டு இறங்கி நிற்கும் ஊர் அது. அவருடைய செருப்பைக் கூட யாரும் அருகில் நின்று பார்த்ததில்லை. அம்மா என்னைப் பார்த்தாள், துரையைப் பார்த்தாள், பிறகு கையெடுத்துக் கும்பிட்டு, "தொரைங்களே, எம்புள்ளைய கொஞ்சம் மிதிச்சு விடுங்க," என்றாள்.

இப்படி ஒரு கோரிக்கையை எந்தத் தோட்டத்திலாவது எந்தத் தாயாவது எந்தத் துரையிடமாவது வைத்திருப்பாளா? எனக்குத் தெரியாது. துரை இடது கால் சப்பாத்தைக் கழற்றினார். காலுறையில் ஓட்டை. பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. செல்லாயி அக்கா பிறகு நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அன்னிக்கு எனக்கு அதிர்ச்சி என்னான்னா, தொரைக்கும் நம்மள மாதிரியே பெருவெரலு!"

காலுறையையும் கழற்றிவிட்டு, என் இடுப்பில் இடது காலை வைத்து முதல் மிதி மிதித்தார். மரியாதையான மிதி. பயந்து பயந்து வைத்தார். இரண்டாவது மிதியில் கொஞ்சம் நம்பிக்கை வந்திருந்தது. எனக்குக் கண்ணுக்குள் நட்சத்திரம் பறந்தது. மூன்றாவதற்கு அவர் காலைத் தூக்கி வைத்து அழுத்தப் போன அந்தக் கணத்தில்தான், வளைவில் தலைவர் வந்து சேர்ந்தார்.

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் மாரிமுத்து. மடுவம் வேண்டும் என்று துரையோடு மூன்று தடவை பேசித் தோற்றவர். அன்று வகுப்புக்குத் தாமதமாக வந்தவர். அவர் கண்ணில் பட்டது இவ்வளவுதான்: லயத்துப் பையன் மண்ணில் குப்புறக் கிடக்கிறான், துரை அவன் முதுகில் காலை வைத்துக்கொண்டு நிற்கிறார், பெண்கள் சுற்றி நின்று வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார்கள், பெற்ற தாய் கும்பிட்டு நிற்கிறாள்.

"அடப்பாவி!" என்று ஒரு சத்தம். "கூடைய வைங்கடி கீழ! நிறுத்துங்க வேலைய!"

கூடைகள் ஏற்கெனவே கீழேதான் இருந்தன. அதைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நாற்பது பேரும் ஒரே நேரத்தில் விளக்கம் சொன்னார்கள். நாற்பது பேர் சேர்ந்து சொன்னால் என்ன விளங்கும்? 'தொரை', 'மிதி', 'நாங்கதான்' என்று மூன்று வார்த்தைதான் தலைவர் காதில் விழுந்தது. துரைக்கோ ஒரு கால் வெறுங்கால், மறுகாலில் சப்பாத்து. ஓடவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தலைவர் வந்த வழியே ஊருக்கு ஓடினார். சற்று நேரத்தில் தொழிற்சாலைச் சங்கு ஊதியது. பத்தரை மணிக்குச் சங்கு ஊதி நான் கேட்டதே இல்லை.

என்னைக் கொழுந்து லொறியில், கொழுந்தின்மேலேயே படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். (தோட்டத்து ஆஸ்பத்திரி, நாலு கட்டில்.) வழியில் ஒவ்வொரு லயத்திலும் கூட்டம். முதல் லயத்தில், "தொர மிதிச்சுட்டாராம்" என்றார்கள். இரண்டாவது லயத்தில், "பூட்ஸ் காலோட மிதிச்சாராம்". மூன்றாவது லயத்தைத் தாண்டும்போது ஒரு பெண் மார்பில் அடித்துக்கொண்டு, "படிச்ச புள்ளைய பறிகொடுத்துட்டோமே!" என்று ஒப்பாரியே தொடங்கிவிட்டாள். நான் கொழுந்துக்குள்ளிருந்து தலையைத் தூக்கி, "அக்கா, உசுரோடதான் இருக்கேன்," என்றேன். அவள் போட்ட அலறலில் லொறிக்காரர் பிரேக் போட்டார். அந்த பிரேக்கில் என் இடுப்பு இன்னொரு தடவை பூட்டிக்கொண்டது.

டொக்டர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருடமாக எங்கள் தோட்டத்தில் இருந்தும் பேச்சு கொஞ்சம் கூட மாறவில்லை. காலை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார், கால் விரல்கள் விறைக்குதா, சலம் (மூத்திரந்தான்) போறதில் கரைச்சல் இருக்குதா என்று கேட்டார். இல்லை என்றேன். சட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"இதென்ன கால் அடையாளம்? ஆர் உம்மட முதுகில ஏறினது?"

"துரை."

அவர் மூக்குக் கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அம்மா முழுக் கதையையும் சொன்னாள். டொக்டர் ஐயாவுக்குக் கோபத்தில் காது சிவந்தது.

"உங்களுக்கெல்லாம் விசரே? நொந்துபோன முள்ளந்தண்டில ஏறி மிதிக்கிறதே? எலும்பு கிலும்பு உடைஞ்சிருந்தால் இந்தப் பெடியன் பிறகு எழும்பி நடப்பானோ?" என்று அம்மாவை ஏசிவிட்டு என் பக்கம் திரும்பினார். "தசைப் பிடிப்புத்தான். பயப்பட ஒண்டுமில்லை. எத்தினை நாளா நோகுது?"

"இன்னிக்குத்தான்..."

"பொய் சொல்லாதையும்."

"மூணு கெழமையா," என்றேன்.

"பாத்தீரே? மூண்டு கிழமையா உம்மட இடுப்பு உமக்குச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கு. அதைக் கேக்காமல் நீர் ஊருக்குப் படம் காட்டப் போயிட்டீர்."

அன்று வாங்கிய மிதி இரண்டையும்விட இது உறைத்தது.

முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து மல்லாந்து படுக்கச் சொன்னார். சுடுதண்ணிப் போத்தலைத் துணியில் சுற்றி வைக்கச் சொன்னார். கட்டிலோடு கிடந்துவிடுவேன் என்று நினைத்தேன். அதற்கும் ஏச்சுத்தான். "படுத்துக் கிடவாதையும். கிடந்தால் இன்னும் இறுகும். நாளைக்கே எழும்பிக் கொஞ்சம் கொஞ்சமா நடவும். கூட நொந்தால் நில்லும், குறைஞ்சால் நடவும். எங்கை நோகுது, எப்ப நோகுது, என்ன செய்யேக்க நோகுது எண்டு கவனியும். அது உம்மட வேலை, என்ரை வேலை இல்லை."

மறுநாள் நடந்தேன். நடக்க வேண்டி வந்தது.

விடிந்தால் தோட்டமே பெரட்டுக்களத்தில் நின்றது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம் அது. அன்று யாரும் வேலைக்குப் பிரிந்து போகவில்லை. முந்நூறு பேர். தலைவர் ஒரு பெட்டியின்மேல் ஏறி, துரை பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கும்வரை ஒரு கொழுந்து கூடக் கிள்ளப்படாது என்று முழங்கிக்கொண்டிருந்தார். சில இளைஞர்கள் கையில் மண்வெட்டிப் பிடி இருந்தது. துரை அலுவலக வாசலில் தனியாக நின்றார். அவரைத் தொட்டால் பொலிஸ் வரும், பொலிஸ் வந்தால் எங்கள் பையன்கள்தான் உள்ளே போவார்கள். இவ்வளவும் நான் துரை பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்ததால் வந்த வினை.

செல்லாயி அக்கா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் தாங்க, நான் பாதி மடிந்தபடி களத்துக்குள் வந்தேன். என் கோலத்தைப் பார்த்ததும் கூட்டத்துக்கு இன்னும் வெறி ஏறியது. "பாருங்க, நம்ம புள்ளையோட கதிய!" என்றார் தலைவர்.

"தொர அடிக்கல," என்றேன். குனிந்திருந்ததால் முதல் வரிசைக்காரர்களின் கால்களுக்குத்தான் கேட்டது. செல்லாயி அக்கா என் நாடியைப் பிடித்துத் தலையைத் தூக்கிவிட்டாள். "தொர அடிக்கல! நாங்கதான் மிதிக்கச் சொன்னோம். அவரு காலு மொதல்ல பொறந்தவரு. எனக்கு இடுப்பு புடிச்சிருச்சு. கூடை தூக்கிக் காட்டப் போயி... ஒரு கூடைதான். ஒரே ஒரு தடவைதான்."

சுமை தூக்கக் கற்றுக்கொடுக்கப் போனவன் ஒரு கூடையைத் தூக்க முடியாமல் மடிந்து போனேன் என்று ஊர் முன்னால் நானே சொன்ன அந்த நிமிடத்தில், பூமி பிளந்தால் மரியாதையாக உள்ளே போயிருப்பேன். மண்வெட்டிப் பிடி வைத்திருந்தவன் ஒருவன்தான் முதலில் சிரித்தான். பிறகு களமே சிரித்தது. தலைவர் மட்டும் பெட்டியின்மேல் வாயைத் திறந்தபடி நின்றார்.

சிரிப்பு அடங்கும் முன் செல்லாயி அக்கா துரையைப் பார்த்துப் பேசினாள். பெரட்டுக்களத்தில் ஒரு பெண் துரையிடம் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

"அந்தக் கூடை என்னோடதுங்க. பதினெட்டுக் கிலோ. இந்தத் தம்பி எளவட்டம், ஒரு தடவ தூக்குனாரு, இன்னும் நிமிரல. நாங்க அதோட எரநூத்திப் பன்னெண்டு படி ஏறுறோம், தெனம் மூணு தடவ. எங்களுக்கு இப்பிடி நின்னு காட்டக் கூட நேரமில்ல."

யாரும் சிரிக்கவில்லை. துரை என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் ஏறக்குறைய என்னைப் போலவேதான் நின்றாள். பழகிப் போனதால் யாருக்கும் தெரிவதில்லை, அவ்வளவுதான். தலைவர் கெட்டிக்காரர். முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாமல், "அதத்தான் நானும் சொல்றேன், மடுவம் கட்டும்வரை ஒரு கொழுந்து கூடக் கிள்ளப்படாது!" என்று முழக்கத்தின் பாதியிலேயே கோரிக்கையை மாற்றிவிட்டார்.

துரை, "நாளைக்கு தராசு கீழ ரோட்டுக்கு வரும். மடுவம் பிறகு கட்டுவோம்," என்றார். எங்களுக்குக் காதை நம்ப முடியவில்லை. அலுவலகத்துக்குள் போகத் திரும்பியவர், நின்று, அம்மாவிடம் சொன்னார்: "அம்மா, மூணு மிதி வேணும். ரெண்டுதான் ஆச்சு. அதான் இவன் நிமிரல."

அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

எனக்கு நிமிர ஒன்பது நாள் ஆயிற்று. முதல் நாள் லயத்து வாசல் வரை, இரண்டாம் நாள் தண்ணீர்ப் பீலி வரை என்று நடந்தேன். உர மூட்டையை விட்டுவிட்டு முதுகு சாயும் நாற்காலி ஒன்று கேட்டு வாங்கினேன். இடுப்பைத் திருகாமல் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்பப் பழகினேன். (யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் சோல்ஜர் மாதிரித் திரும்புவேன், அதற்கும் ஒரு கேலி இருந்தது.) அடுத்த வகுப்பில் நான் பேசவில்லை. கயிற்றை உச்சியில் எங்கே போடுவது, சரிவில் எந்தக் காலை முன்னால் வைப்பது, எப்போது கூடையை இறக்கி மூச்சு விடுவது என்று செல்லாயி அக்காவைப் பேச வைத்துவிட்டு, நான் எழுதிக்கொண்டேன்.

கீழ் ரோட்டு மடுவம் சில மாதத்தில் வந்தது. அதனால் அம்மாவின் இடுப்பு குணமாகிவிட்டது என்று கதை விட மாட்டேன். ஆனால் படி ஏறாத முதல் கிழமை முடிந்து ஒரு காலையில் அம்மா எழும்பியபோது பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரைப் பிடித்தாள். கதவு நிலையைப் பிடிக்கவில்லை. நான் வெளியே போய்ப் பல் துலக்குவது போலக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் அந்த மடுவத்துக்கு ஏதோ நம்பர் இருக்கிறது. ஊருக்கு அது இன்றைக்கும் இடுப்பு மடுவம்தான். நானும் இன்றைக்கும் வெல்பெயார் தம்பிதான், என் உண்மையான பெயர் சிவலிங்கம் என்பது தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பண்டாரவளைச் சந்தையில் ஒரு காய்கறிக் கடையில் கோவா வாங்கிக்கொண்டு நின்றேன். பக்கத்துக் கடையில் ஒருவர் உருளைக்கிழங்குப் பையைத் தூக்கப் போய், பாதி மடிந்து, மண்ணைப் பார்த்தபடி நின்றுவிட்டார். எனக்கு அந்த நிலை பழக்கமானது. ஓடிப் போய்ப் பிடித்தேன். முகத்தைத் திருப்பினார். துரை! தோட்டத்து வேலையை விட்டுப் போய் நெடுநாளாகியிருந்தது. தலை நரைத்திருந்தது.

அவரும் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அந்த வலியிலும் முதல் கேள்வி இதுதான்:

"தம்பி, நீ தலையா, காலா?"

"தலைதான் ஐயா."

"சே!" என்றார்.

மெல்லச் சாய்த்து ஒரு கடை வாங்குப் பலகையில் உட்கார வைத்தேன். கால் விறைக்குதா என்று கேட்டேன். எத்தனை நாளாக நோகிறது என்று கேட்டேன். "இன்னைக்குத்தான்," என்றார். "பொய் சொல்லாதீங்க ஐயா," என்றேன். "ரெண்டு மாசம்," என்று ஒத்துக்கொண்டார். வலி கொஞ்சம் விட்டதும் கையைப் பிடித்துச் சந்தையை ஒரு சுற்று நடக்க வைத்து, பையை நானே முழங்காலை மடக்கி, நெஞ்சோடு அணைத்து, பாதத்தை எடுத்து வைத்துத் திரும்பி, பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். எனக்கு ஒரே பெருமை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், என் மனைவியிடம், மகளிடம் எல்லாம் விரிவாகச் சொன்னேன்.

அம்மா வெற்றிலையை மடித்தபடி முழுவதையும் கேட்டாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன்டா," என்றாள், "அந்த மனுசன் கைக்கு எட்டுன தூரத்துல வந்து நின்னுருக்காரு. அந்த மூணாவது மிதிய கேட்டு வாங்கிட்டு அனுப்பியிருக்கக் கூடாதா?"

இப்போதும் நான் உர மூட்டைக்காலத்து ஞாபகத்தில் கூனி உட்கார்ந்தால், காலை நடையை ஒரு நாள் சோம்பலில் விட்டால், வீட்டில் யாரும் அறிவுரை சொல்வதில்லை. மகள் இடது கால் செருப்பைக் கழற்றிக் காட்டுவாள். நான் எழும்பி நடக்கப் போய்விடுவேன்.